உடுக்கை: பண்ணைத் தொடும் பறை

உடுக்கை இடை சுருங்கிய சிறிய இருமுகப் பறை. மரத்திலோ பித்தளையிலோ ஆன உடல், இரு முகத்திலும் மெல்லிய தோல், இரண்டையும் இழுத்துப் பிணைக்கும் கயிறு: இவ்வளவுதான் அதன் அமைப்பு. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி மாதத்து மாரியம்மன் வழிபாட்டில் அது பம்பையோடு சேர்ந்து ஒலிக்கிறது. கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகப் பாடுபவர் கையிலும் அதுவே இருக்கிறது. இடது கையால் இடுப்பைப் பிடித்து, வலது கை விரல்களால் தட்டுவார்கள். பிடித்திருக்கும் கைக்கும் வேலை உண்டு. கயிற்றை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். தட்டிய ஒலி அடங்குமுன் அழுத்தினால் அந்த ஒற்றை ஒலியே வளைந்து மேலே போகும். இப்படிப்பட்ட ஒன்றைத் தாளக்கருவி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயர் இதற்குப் போதாது. உடுக்கை தாளம் காட்டுவதோடு சுருதியையும் ஆளுகிற கருவி.

பெயர்க் குழப்பத்துக்கு வேர் நம் பகுப்பில் இல்லை, அதைப் படிக்கும் முறையில் இருக்கிறது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்ற பிரிவுகள் ஒலி எதில் பிறக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. தோலில் பிறப்பது தாளத்துக்கு மட்டுமே உரியது என்பது நாம் பின்னால் ஏற்றிக்கொண்ட பொருள். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலில் இடக்கையும் உடுக்கையும் அடுத்தடுத்து வருகின்றன. துடியும் தமருகமும் தனித்தனியே இடம்பெறுகின்றன. அந்த இடக்கை இன்று கேரளக் கோயில்களில் உயிரோடு இருக்கிறது. தோளில் தொங்கவிட்டு, மெல்லிய கோலால் தட்டி, இடது கையால் கயிறுகளை இறுக்கியும் தளர்த்தியும் வாசிக்கிறார்கள். அதில் தொங்கும் 64 நூற்குஞ்சங்களைக் கலைகள் அறுபத்துநான்கின் அடையாளமாகக் கொள்வது அங்குள்ள மரபு. கருவறைப் படியருகே பாடும் சோபான சங்கீதத்துக்கு அதுவே துணை. தேர்ந்த கலைஞர் அதில் பாட்டின் மெட்டையே வாசித்துவிடுவார். தோல் பண் பாடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தோலின் இயல்பே இதற்கு எதிரானது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. வெறும் வட்டத்தோல் அதிரும்போது எழும் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. முதல் மேற்சுரம் ஏறத்தாழ 1.59 மடங்கில் நிற்கும். அதனால்தான் பல பறைகளில் ஓசை கேட்கும், சுரம் கேட்காது. மிருதங்கம் இதைக் கரணையால் தீர்த்தது. தோலின் நடுவில் பூசும் அந்தக் கருஞ்சாந்து மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை 1920-இல் சி. வி. ராமன் 'நேச்சர்' இதழில் எழுதினார். இடக்கையில் கரணை இல்லை. அதற்கு வேறு வழி இருப்பதை 2018-இல் கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் விளக்கினார்கள்: தோலை ஒட்டி இழுத்துக் கட்டிய இரண்டு இழைகள், தோல் அதிரும்போது அதன்மேல் படிந்தும் விலகியும் மேற்சுரங்களை ஒழுங்கிற்குள் கொண்டுவருகின்றன. உடுக்கையிலும் ஒரு முகத்தின் குறுக்கே நரம்போ மயிரோ கட்டுவது உண்டு. இரண்டும் ஒன்றே என்று இதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆனால் உடுக்கையை ஒலியியல் கருவிகளால் அளந்து பார்க்க இது போதுமான காரணம்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. இடக்கை கோயில் பயிற்சியில் வளர்ந்தது, உடுக்கையில் யாரும் இராகம் வாசிப்பதில்லையே என்பது அது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சுருதியை ஒரு தாயி உயர்த்தத் தோலின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். கைப்பிடிக்குள் அடங்கும் சிறு பறையில் அது எளிதன்று. உடுக்கையின் வீச்சு குறுகியது. ஆனால் ஏழு சுரமும் எட்டினால்தான் அது இசை என்று யார் சொன்னது? நம் பாட்டில் சுரத்தைவிடச் சுரத்துக்குச் சுரம் நகரும் குழைவுதான் உயிர். உடுக்கை செய்வது அந்தக் குழைவை. மேற்கு ஆப்பிரிக்காவில் யோருபா மக்கள் அக்குளில் இடுக்கி வாசிக்கும் துந்துன் பறையும் இடை சுருங்கியதே. தங்கள் மொழியின் மூவகை ஏற்ற இறக்கங்களை அதில் எழுப்பிப் பெயரும் புகழும் சொல்கிறார்கள். அங்கே அதைப் பேசும் பறை என்று உலகம் ஏற்றுக்கொண்டது. நம் கதைப்பாடகரிடமோ தொண்டையும் கையும் ஒரே உடலில் இருக்கின்றன. பாடுபவரே அடிக்கிறார், குரல் ஏறும்போது பிடியும் இறுகுகிறது. குரலின் வளைவைத் தொடர இதைவிடப் பொருத்தமான கருவியைச் சமவெளியில் காண்பது அரிது.

உடுக்கையின் இந்தக் குழைவு பதிவாகாமல் போனதுதான் பெரிய குறை. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிந்தார்; அதிலிருந்து உலகம் படிக்கும் நூல்கள் வந்தன. நூலில் சொல் ஏறியது. சொல்லோடு ஏறி இறங்கிய உடுக்கைக்கு அச்சில் இடமில்லை. நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுதான். சேலம், நாமக்கல் ஊர்களில் இன்று உடுக்கடிப் பாட்டைப் பதிவு செய்யப் போகிறவர்கள் பாடகரின் வாயருகே ஓர் ஒலிவாங்கி வைத்தால் இன்னொன்றை உடுக்கையருகே வையுங்கள். கயிற்றை அழுத்தும் இடது கையையும் படமெடுங்கள்.