இலண்டன் மாநகரில் ஓர் இல்லம்

கல்வி கருதிக் கடல்கடந்து சென்றோரின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் பயின்ற பல்கலைக்கழகங்களையும் பெற்ற பட்டங்களையும் முதற்கண் குறிப்பிடுவர். அவர்கள் தங்கிய வீடு எது, பசித்தபோது உணவிட்டவர் யார் என்பன பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. ஆயினும், ஒரு மாணவன் புதியதொரு நாட்டைப்பற்றிக் கொள்ளும் கருத்து விரிவுரை மண்டபத்திலும் பார்க்க, அவன் தங்கிய வீட்டின் உணவு மேசையிலேயே பெரிதும் உருவாகின்றது. இவ்வுண்மைக்கு இரவீந்திரநாத தாகூரின் இளமைப் பருவம் தக்க சான்றாகும்.

தாகூர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது 1878 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில். அப்பொழுது அவருக்கு வயது 17. சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பவேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். இந்திய சிவில் சேவையில் முதன்முதற் சேர்ந்த இந்தியரான அவருடைய தமையனார் சத்தியேந்திரநாதர் உடன் சென்றார். தமையனாரின் மனைவியும் குழந்தைகளும் பிரைட்டன் நகரில் ஏற்கனவே குடியிருந்தமையால், முதற் சில மாதங்கள் அவர்களுடன் கழிந்தன. அங்கே அவர் சேர்ந்த பள்ளியின் சிறுவர்கள் புதியவரை ஏளனஞ் செய்யவில்லை. தோடம்பழத்தையும் அப்பிளையும் அவருடைய சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு ஓடிவிடுவார்களாம்.

சுற்றத்தாரின் நிழலில் இருந்தால் வந்த காரியம் கைகூடாது எனக் கருதிய குடும்ப நண்பர் தாரகநாத் பாலித், இளைஞரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று, ரீஜண்ட்ஸ் பூங்காவுக்கு எதிரேயிருந்த விடுதியொன்றிற் தனியே விட்டார். அது கடுங்குளிர்காலம். சாளரத்தின் வழியே தெரிந்தவை இலையுதிர்ந்த மரங்களே. வங்கத்து ஜோராசங்கோ மாளிகையில், எந்நேரமும் உற்றாரும் ஏவலரும் நிறைந்திருக்க வளர்ந்தவருக்கு அத்தனிமை பெருந் துன்பமாயிற்று. பின்னர், மாணவரைத் தம் வீட்டில் வைத்துப் பயிற்றும் ஆசிரியர் ஒருவரின் இல்லத்திற் சேர்ந்தார். அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் மனம் பொருந்தவில்லை. மனைவியை நோகச் செய்யவேண்டும் எனத் தோன்றினால், அவள் அன்புடன் வளர்த்த நாயை அக்கணவர் வதைப்பார். கூரையும் சுவரும் இருந்தும் வீடு இல்லமாகாது என்பதை இளைஞர் அங்கே கண்டார்.

இந்நிலையில், 1879 ஆம் ஆண்டளவில், டொக்டர் ஸ்கொட் என்னும் வைத்தியரின் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு நாள் மாலை பெட்டிகளுடன் அவ்வீட்டின் வாயிலை அடைந்தார். உள்ளே இருந்தவர்கள் நரைத்த தலையினரான வைத்தியரும், அவர் மனைவியும், மூத்த மகளுமே. இளைய மகளிர் இருவரைக் காணவில்லை. இந்தியர் ஒருவர் வீட்டில் தங்க வருகின்றார் எனக் கேட்டு அஞ்சி, அவர்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டனர். வந்தவரால் ஆபத்தில்லை என்னும் செய்தி எட்டிய பின்னரே அவர்கள் வீடு திரும்பியிருத்தல் வேண்டும் எனத் தாகூர் பிற்காலத்தில் நகைச்சுவையுடன் எழுதினார்.

இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றினும், அதன் பொருள் ஆழமானது. இந்தியாவை அந்நாளில் ஆண்டது இங்கிலாந்து. இந்தியத் தேயிலையும் பருத்தியும் அந்நாட்டு வீடுகளுக்குட் புகுந்திருந்தன. ஆனால், இந்திய மனிதன் ஒருவன் வாயிலில் வந்து நின்றபோது இரு பெண்கள் வீட்டைவிட்டு அகன்றனர். ஆளப்படும் நாட்டின் பொருளை அறிந்த அளவுக்கு அந்நாட்டு மக்களை ஆளும் நாட்டார் அறிந்திலர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அச்சம் நெடுநாள் நீடிக்கவில்லை. விரைவில் தாகூர் அக்குடும்பத்தில் ஒருவரானார். திருமதி ஸ்கொட் அவரை மகனைப்போலவே நடத்தினார். முன்னர் அஞ்சி ஓடிய மகளிரும் உடன்பிறந்தாரின் பரிவைக் காட்டினர். வீட்டில் இருந்த பணிப்பெண் ஒருத்தியே. ஒவ்வொரு நாளும் திருமதி ஸ்கொட் தாமும் அவளுடன் சேர்ந்து, மாடிப் படிகளின் பித்தளைக் கம்பிகளையும் கதவுக் குமிழ்களையும் துலக்குவார். மாலையிற் கணவர் திரும்புமுன், அவருடைய சாய்வு நாற்காலியையும் கம்பளிக் காலணிகளையும் கணப்பின் அருகே தம் கையாலேயே ஒழுங்குசெய்து வைப்பார். இரவிலே வாசிப்பும் இசையும் நிகழும். சில வேளைகளில், ஆவிகளை அழைப்பதெனச் சொல்லி, இளையோர் சிறு மேசையொன்றின்மீது கைவைத்து அதனை அசையச் செய்து விளையாடுவர். திருமதி ஸ்கொட்டுக்கு அவ்விளையாட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வைத்தியரின் தொப்பியின்மீது கைவைத்து அதனை அசையச் செய்ய முற்பட்டபோது, அவர் பதறி ஓடிவந்து தடுத்தாராம். கணவரின் தொப்பியைச் சாத்தான் ஒரு கணமேனுந் தீண்டுதலை அவர் பொறுக்கவில்லை.

இல்லத்தரசியரின் அன்பும் பணிவிடையும் இந்தியாவுக்கே உரியன என்பது இளைஞர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணம். அவ்வெண்ணம் அவ்வீட்டிலே தகர்ந்தது. மனித இயல்பு எங்கும் ஒன்றே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இம்முடிவும் ஆராயத்தக்கதே. திருமதி ஸ்கொட்டை அவர் அளந்தது இந்திய மனைவியின் இலட்சியம் என்னும் கோலினால். அவ்வுழைப்பின் சுமை அந்த அம்மையாருக்கு எத்தகையதாயிருந்தது என்பது அவர் எழுத்தில் இல்லை. எனினும், அயலாரை அஞ்சிய மகளிரும், அயலாரினும் தம்மவரை உயர்வாகக் கொண்ட இளைஞரும் தத்தம் முற்கோளைக் கைவிட்டது ஒரே கூரையின் கீழேயே. வந்தவர் மட்டுமன்றி, வரவேற்றோரும் அங்கே கல்வி பெற்றனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஹென்றி மோர்லி என்னும் பேராசிரியரிடம் தாகூர் ஆங்கில இலக்கியம் கேட்டார். ஆயினும் படிப்பு நிறைவுறவில்லை. 1880 ஆம் ஆண்டிற் பட்டம் எதுவும் பெறாமலே தமையனாருடன் தாயகம் திரும்பினார். விடைபெறும் வேளையில் திருமதி ஸ்கொட் அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டு, இத்துணை விரைவிற் பிரிய நேர்ந்ததே எனக் கண்ணீர் விட்டார். 1912 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில், அக்குடும்பத்தாரிற் சிலர் மறைந்துவிட்டதையும் ஏனையோர் எங்கோ சிதறிப் போனதையும் குறிப்பிட்ட தாகூர், அவ்வில்லம் தம் நினைவில் அழியாதிருக்கும் என்றார்.

விருந்தினராய் இருந்தவர் பின்னர் விருந்தோம்புபவரானார். 1921 ஆம் ஆண்டில் அவர் நிறுவிய விசுவபாரதி, உலகம் முழுவதும் ஒரே கூட்டில் ஒன்றுசேரும் இடம் என்னும் கருத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்டது. பிறநாட்டு மாணவர் பலர் சாந்திநிகேதனத்தை நாடி வந்தனர். இலங்கையின் தேசிய கீதத்தை யாத்த ஆனந்த சமரக்கோன் 1936 ஆம் ஆண்டில் அங்கே பயின்றவரே. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1934 இல், தாகூர் இலங்கைக்கு வந்தபோது, ஹொறணையில் அமைந்த ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார்.

ஒரு வைத்தியரின் வீடே இவை யாவற்றுக்கும் காரணம் எனக் கூறுதல் மிகையாகும். ஆனால், அந்நியன் என்னும் சொல் கதவுக்கு வெளியே நிற்கும் வரையிலேதான் பொருளுடையது என்பதைத் தாகூர் நூல்களிற் படித்து அறியவில்லை. அவ்வீட்டில் வாழ்ந்து அறிந்தார். பட்டமின்றித் திரும்பிய அம்மாணவர் இங்கிலாந்திற் பெற்ற கல்வியில் அதுவே நிலைத்து நின்றது.