மறுமுனையில் நிற்பவர்: இந்தியாவில் தொலைவழி மருத்துவமும் நீதிமன்றமும் ஊர்க்கூட்டமும்

மும்பையைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர்மீது, புற்றுநோயாளிக்குச் செய்த சிகிச்சையில் அலட்சியம் காட்டியதாகக் குற்ற வழக்கு ஒன்று நடந்தது. அந்த நோயாளிக்கு அறுவைச் சிகிச்சை பலன் தராது என்று நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் நிபுணர் முன்பே கருத்துச் சொல்லியிருந்தார். சாட்சி சொல்ல அவர் சம்மதித்தார்; ஆனால் இந்தியாவுக்கு வர மறுத்துவிட்டார். காணொலி வழியே அவரை விசாரிக்கலாம் என்றது விசாரணை நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் சாட்சியம் பதிவாக வேண்டும் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 273-ஆவது பிரிவைக் காட்டி, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2003 ஏப்ரல் 1 அன்று, மகாராஷ்டிர அரசு எதிர் பிரஃபுல் தேசாய் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சாட்சியைப் பார்க்கவும் கேட்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் முடிகிறபோது சட்டம் கேட்கும் முன்னிலை நிறைவேறிவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

தொலைவழிச் சாட்சியத்துக்கு இந்தியாவில் அடித்தளமிட்ட வழக்கு ஒரு மருத்துவ வழக்காக அமைந்தது தற்செயல்தான். என்றாலும் மருத்துவம், நீதி, பொதுக்கூட்டம் ஆகிய மூன்றிலும் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. எளிய மனிதரின் பக்கத்தில், அவருக்காக நிற்கும் ஒருவர் இருந்த இடங்களில் தொழில்நுட்பம் தூரத்தைக் குறைத்தது. அப்படி ஒருவர் இல்லாத இடங்களில் நிர்வாகத்தின் வேலை குறைந்ததே தவிர, மக்களின் அலைச்சலும் அச்சமும் குறையவில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுவே.

மருத்துவத்தில் தொடக்கம் 2000-ஆம் ஆண்டு. அப்போலோ குழுமத்தின் நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊரான, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ஆரகொண்டாவில் தொலைமருத்துவ மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் இஸ்ரோ தன் இன்சாட் செயற்கைக்கோள்கள் வழியே தொலைதூர மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கியது. கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் பெங்களூருவின் நாராயண ஹிருதயாலயாவோடும், அந்தமானின் போர்ட் பிளேர் சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடும் இணைந்தன. கப்பலிலோ விமானத்திலோ நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்ய அந்தமான் மருத்துவர்களுக்கு இது உதவியது. ஆனால் செயற்கைக்கோள் வழி என்பது செலவு மிகுந்த வழி. மாவட்ட மருத்துவமனைக்குக் கீழே அது அதிகம் இறங்கவில்லை.

கிராமத்துக்கு இறங்கிய முயற்சியைத் தேனியில் பார்க்கலாம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுவில் கிராமப்புறப் பார்வை மையங்களை நிறுவத் தொடங்கியது. தேனி மருத்துவமனையை அவற்றோடு இணைக்கும் பணியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்துகொண்டனர். வீட்டுக்குள் பயன்படும் அதே மலிவான வைஃபை கருவியைக் கோபுரத்தில் ஏற்றி, திசை நோக்கிய ஆன்டெனாவைப் பொருத்திப் பல கிலோமீட்டர் தாண்டி அனுப்புவது அவர்களின் திட்டம். சிக்கல் உடனே தெரிந்தது. வைஃபை ஒவ்வொரு தகவல் துண்டையும் அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தூரம் கூடும்போது பதில் வருவதற்குள், தகவல் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் அனுப்பும். ஆகவே இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றி எழுதினர். அதன் பிறகும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. இம்முறை காரணம் மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் எரிந்தன, அல்லது பாதி உயிரோடு உறைந்து நின்றன. ஆய்வாளர்கள் மின்னழுத்தக் காப்புக் கருவிகளை உருவாக்கினர். அதோடு முதற்கட்டப் பழுதுபார்ப்பை உள்ளூர் ஊழியர்களுக்கே கற்றுக்கொடுத்தனர்.

பார்வை மையத்தில் நடப்பது எளிமையானது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர், பெரும்பாலும் சுற்றுவட்டார ஊரிலிருந்து வந்த இளம்பெண், நோயாளியின் பார்வைத் திறனை அளக்கிறார். பிளவு விளக்குக் கருவியில் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுக்கிறார். தாய் மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நோயாளியோடு திரையில் பேசுகிறார். பெரும்பாலோர்க்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும். புரை முற்றியவர் மட்டுமே மருத்துவமனைக்குப் போகிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போகத் தயங்கிப் பார்வையை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தப் பணியாளர்தான். மருத்துவர் சொன்னதை ஊர்த் தமிழில் மீண்டும் சொல்வதும், அடுத்த முறை வராதவரைத் தேடிப் போவதும் அவரே.

சட்டம் இவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியே வந்தது. 2018 ஜூலையில், நோயாளியை நேரில் பாராமல் தொலைபேசி வழியே மருந்து சொல்லி, அந்த நோயாளி இறந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. நாடெங்கும் மருத்துவர்கள் தொலைபேசியை எடுக்கவே அஞ்சினர். பெருந்தொற்று ஊரடங்கின் முதல் நாளான 2020 மார்ச் 25 அன்றுதான் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. சுகாதாரப் பணியாளர் வழியாக நோயாளி மருத்துவரைக் கலந்தாலோசிப்பதைத் தனி வகையாகவே அவை ஏற்றன. மொகாலி சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி சேவையிலும் இது உண்மையாயிற்று. 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிய அந்தச் சேவையில் ஆந்திரம் முதலிடத்திலும் தமிழ்நாடு அடுத்தும் நின்றன. வீட்டிலிருந்தே கைப்பேசியில் அழைத்தவர்களைவிட, துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து செவிலியர் உதவியோடு மருத்துவரிடம் பேசியவர்களே அதில் பெரும்பகுதி.

நீதிமன்றங்களின் கதை இதே காலத்தில் வேறு திசையில் போனது. இங்கே தொலைவழி முறை முதலில் பரவலாகப் பயன்பட்டது கைதிகளிடம். 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் நேரில் ஆஜர்படுத்த வேண்டும், நீதிமன்றக் காவல் நீட்டிப்பைக் காணொலியில் செய்யலாம் என்றது. வழிக்காவல் செலவும் தப்பியோடும் அபாயமும் குறைந்தன என்பது உண்மை. மாறாக, குடும்ப வழக்குகளில் உச்ச நீதிமன்றமே இரண்டு பட்டது: 2017 அக்டோபரில் சாந்தினி வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் காணொலிக்குக் கட்டுப்பாடு விதிக்க, தொலைதூர நீதிமன்றத்துக்கு அலையும் பெண்களுக்கு அது உதவும் என்று நீதிபதி சந்திரசூட் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார். என் பார்வையில் அந்த மாறுபட்ட தீர்ப்பே சரி.

2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் காணொலி விசாரணைக்குச் சட்ட வலு தந்தது. வசதியற்ற வழக்காடிகளுக்கு நீதிமன்றமே வசதி செய்து தர வேண்டும், இரு தரப்பும் ஒப்பாமல் சாட்சியம் பதிவு செய்யக் கூடாது என்ற இரண்டு பாதுகாப்புகள் அதில் இருந்தன. 2023 அக்டோபரில், எந்த உயர் நீதிமன்றமும் வழக்கறிஞருக்கோ வழக்காடிக்கோ காணொலி வசதியை மறுக்கக் கூடாது என்றது. தூரம் நீதியை எப்படித் தடுக்கும் என்பது தென்மாவட்டத்தாருக்குத் தெரியும். சென்னைக்கு அலைந்து சலித்த பிறகே 2004 ஜூலையில் மதுரைக் கிளை அவர்களுக்குக் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் இன்னும் டெல்லியில்தான் இருக்கிறது. தூத்துக்குடி வழக்கறிஞர் தன் அலுவலகத்திலிருந்தே உச்ச நீதிமன்றத்தில் வாதிடும் நிலை வந்திருப்பது பெரிய பேறு.

கைதியின் நிலை மட்டும் அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்ற மின்-குழு 2020-இல் உருவாக்கிய மாதிரி விதிகள், விசாரிக்கப்படுபவர் இருக்கும் இடத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கின்றன. அருகே வேறு யாரும் இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மிரட்டவில்லை என்பதை உறுதிப்படுத்துவது அவர் பொறுப்பு. வெளிநாட்டில் இந்தியத் தூதரக அலுவலர் அப்பொறுப்பை ஏற்பார். சிறையிலோ சிறைக் கண்காணிப்பாளர், அல்லது சிறைப் பொறுப்பு அலுவலர். அடி வாங்கிய கைதி, தன்னைக் காவலில் வைத்திருக்கும் துறையின் அறையில், அத்துறை அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து நீதித்துறை நடுவரிடம் அதைச் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530-ஆவது பிரிவு எல்லா விசாரணைகளையும் மின்வழியில் நடத்த இடமளித்துவிட்டது. சிறைமுனையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர் உட்கார வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் தம் விதிகளில் ஒரு வரி சேர்ப்பது இனியும் தள்ளிப்போடக் கூடாத வேலை.

பொதுக்கூட்டங்களில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் இயக்குநர்கள் காணொலியில் கூட ஏற்கெனவே வழி செய்திருந்தது. பெருந்தொற்று வந்ததும், ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் அவ்வாறே நடத்தலாம் என்று 2020 மே 5 அன்று ஒன்றிய நிறும விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. பெரிய நிறுமங்கள் குறைந்தது 1,000 உறுப்பினர்களாவது இணைய வசதி செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அந்த அனுமதி பின்னர் தொடர்ந்து நீட்டிக்கப்பட்டது.

கிராம சபைக்கு அப்படி எவரும் யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2020-இல் ஊரடங்கினால் மே 1 கூட்டம் நடக்கவில்லை. அக்டோபர் 2 கூட்டம் கடைசி நேரத்தில் ரத்தானது. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் தந்த மன்றம் அது. நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்கவும், பயனாளிப் பட்டியலை எதிர்க்கவும், 2017-இல் நெடுவாசல் செய்ததுபோல ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போடவும் ஊர்மக்களுக்கு இருக்கும் ஒரே சட்டபூர்வ இடம். 3,001 முதல் 10,000 பேர் வரையுள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த 200 பேரிடமும் திறன்பேசி இருக்காது என்பது உண்மை. பங்குதாரர் கூட்டத்தை அப்படியே நகலெடுத்தால் முதலில் வெளியே நிற்பவர்கள் மூதாட்டிகளும் கூலித் தொழிலாளர்களும்தான். ஆனால் வார்டு வார்டாகச் சிறு குழுக்கள் அங்கன்வாடியிலோ பள்ளித் திண்ணையிலோ கூடி, ஊராட்சி அலுவலகத்தோடு இணைந்து பேசியிருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் இருந்தனர். ஆட்கள் இருந்தார்கள், விதிதான் இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் கீழ் அந்த விதியை, அடுத்த பேரிடர் வரும்வரை காத்திராமல், அரசு இப்போதே எழுத வேண்டும்.