இணையப் பெயர் வாணிகம்: அதன் தோற்றமும் வளர்ச்சியும்

துறைமுகமொன்றின் விலை அதன் மண்ணின் விலையன்று. திருகோணமலைத் துறையை 1782 ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கவர்ந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட அத்துறை, 1795 இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்துணைப் போட்டிக்குக் காரணம் ஈண்டு விளைந்த நெல்லுமன்று, எடுத்த முத்துமன்று. பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலிற் கப்பல்கள் அஞ்சாது ஒதுங்குதற்கேற்ற இடத்தில் அஃது அமைந்திருந்தமையே காரணமாகும். நிலமுமின்றி நீருமின்றி, இருக்குமிடத்தின் சிறப்பொன்றினாலேயே விலைபெறும் வேறொரு பொருள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலே தோன்றிற்று. ஆள்களப் பெயர் என வழங்கப்படும் இணைய முகவரிப் பெயரே அது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. அவ்வெண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிதாகையால், எண்ணுக்கு ஈடாகப் பெயரொன்றை வழங்கும் முறை 1980 களில் வகுக்கப்பட்டது. 1985 மார்ச் 15 ஆம் நாள் 'சிம்பொலிக்ஸ் டொட் கொம்' என்னும் பெயர் பதியப்பெற்றது. டொட் கொம் என முடியும் பெயர்களில் முதற்பதிவு இதுவே. அக்காலத்திற் பெயர் பதிவதற்குக் கட்டணமில்லை. கேட்டவருக்குக் கேட்டபடி கிடைத்தது. ஒரு பெயர் உலகில் ஒருவருக்கே உரியதாகும் என்பதும், முந்தியவருக்கே அது வழங்கப்படும் என்பதுமாகிய இரண்டு விதிகளே இருந்தன. பின்னர் எழுந்த வாணிகம், வழக்கு, வஞ்சனை யாவும் இவ்விரண்டு விதிகளின் வயிற்றிற் பிறந்தவை எனலாம்.

பெயரை வைத்திருப்பவர் அதற்குரிய கொள்வோரைத் தாமே தேடிச் சென்ற முதற் கதைகளுள் ஒன்று 1994 ஆம் ஆண்டிற்குரியது. யோசுவா குவிட்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், மக்டொனால்ட்ஸ் என்னும் பெரிய உணவுக் கொம்பனியின் பெயர் இன்னும் எவராலும் பதியப்படாதிருத்தலைக் கண்டார். கொம்பனியாரைத் தொலைபேசியில் அழைத்து, இப்பெயர் உங்களுக்கு வேண்டுமா என வினவினார். அவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. குவிட்னர் அப்பெயரைத் தம் பேரிற் பதிந்துகொண்டு, நிகழ்ந்தவற்றை 'வயர்ட்' என்னும் சஞ்சிகையில் எழுதினார். அதன்பின் கொம்பனியார் விழித்துக்கொண்டனர். குவிட்னர் பணத்தைத் தமக்கெனக் கேட்டிலர். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள பொதுப் பாடசாலையொன்றிற்குக் கணினி வசதி அளிப்பதற்காக 3,500 டொலர் கொடுக்கச் செய்து, பெயரை ஒப்படைத்தார். உலகெங்கும் கிளை பரப்பிய கொம்பனியொன்று தன் சொந்தப் பெயரைப் பெறுதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் பொருட்டுத் தண்டம் இறுத்த இந்நிகழ்ச்சி ஆசிரியருலகம் மறவாதிருத்தற்குரியது.

1995 செப்டெம்பரிற் பதிவுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. முதலிரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 100 டொலர். அத்தொகை பலரைத் தடுக்குமென எண்ணியோர் ஏமாந்தனர். நூறு டொலருக்கு வாங்கியதைப் பல்லாயிரத்திற்கு விற்கலாமென எண்ணியோரே பெருகினர். அவர்களுள் டெனிஸ் டோப்பன் என்பவர் பெரும்பெயர் பெற்றார். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை அவர் பதிந்திருந்தார். திரைப்படக் கருவிகள் செய்யும் பனவிசன் கொம்பனியின் பெயரும் அவற்றுள் ஒன்று. அப்பெயருக்குரிய பக்கத்தில் அமெரிக்காவிலுள்ள பனா என்னுஞ் சிற்றூரின் படங்களை அவர் இட்டிருந்தார். ஊர்ப் பெயரைக் காட்டி உரிமை நாட்டும் உபாயம் அது! கொம்பனியார் ஆட்சேபித்தபோது, 13,000 டொலர் தந்தாற் பெயரை விடுவதாக 1995 டிசம்பரிற் கடிதம் எழுதினார். அவர்கள் மறுத்தனர். உடனே அக்கொம்பனியின் மற்றொரு வாணிகப் பெயராகிய பனஃபிளெக்ஸ் என்பதையும் பதிந்து, அப்பக்கத்தில் 'வணக்கம்' என்னும் பொருள்தரும் ஒரு சொல்லை மட்டும் இட்டுவைத்தார். 1998 ஏப்பிரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் டோப்பனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெயரை உரியவருக்கே விற்கமுயல்வதுவும் அதனை வாணிகத்திற் பயன்படுத்துதலேயாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இங்கிலாந்திலும் அவ்வாண்டே ஒத்த வழக்கொன்று முடிவுற்றது. 'வன் இன் எ மில்லியன்' என்னும் நிறுவனத்தார் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், சேன்ஸ்பரி, பேர்கர் கிங் முதலிய பெருங்கடைகளின் பெயர்களைப் பதிந்து வைத்திருந்தனர். பேர்கர் கிங் கொம்பனிக்கு அவர்கள் எழுதிய கடிதத்தில் 25,000 பவுணும் வரியும் கேட்டதோடு, நீங்கள் வாங்காவிடில் விரும்பிய வேறெவர்க்கும் விற்கப்படும் என்பதையுங் குறித்தனர். கடிதத்திலே கடுஞ்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் அச்சுறுத்தல் அந்த ஒரு வாக்கியத்தினுள் அடங்கியிருந்தது. மோசடிக் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றமென்னும் பழைய நெறியை மேன்முறையீட்டு நீதிமன்றம் இப்பெயர்களுக்கும் பொருத்தியது.

உலகளாவிய விதியொன்று 1999 இல் வகுக்கப்பட்டது. பிறருடைய வாணிகக் குறியை, அவருக்கோ அவருடைய போட்டியாளருக்கோ செலவினும் மிகுந்த விலைக்கு விற்கும் நோக்கத்தையே முதன்மையாகக் கொண்டு பதிந்தால், அது தீய எண்ணத்திற்குச் சான்றாகும் என அவ்விதி உரைக்கின்றது. அவ்விதியின்கீழ் உலக அறிவுசார் சொத்து அமைப்பினர் தீர்த்த முதல் வழக்கு, மற்போர்க் காட்சிகள் நடத்தும் 'வேர்ல்ட் ரெஸ்லிங் பெடரேசன்' என்னும் நிறுவனத்தின் பெயரைப் பற்றியது. 1999 ஒக்டோபர் 7 ஆம் நாள் போஸ்மன் என்பவர் அப்பெயரைப் பதிந்தார். மூன்றே நாளில், ஆயிரம் டொலருக்கு விற்பதாக அந்நிறுவனத்திற்கே மின்னஞ்சல் அனுப்பினார். 2000 சனவரியிற் பெயர் அவரிடமிருந்து நீக்கப்பட்டது. அவரைத் தோற்கடிக்க வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கொள்வோரைத் தேடி அவர் எழுதிய கடிதமே அவருக்கெதிரான சாசனமாயிற்று. சரக்கைப் பற்றிச் சந்தையிற் கூவுவது எல்லா வாணிகத்திலும் இயல்பாக, இவ்வொரு வாணிகத்தில் மட்டும் யாரிடங் கூவுவது என்பதே குற்றத்தையும் குற்றமின்மையையும் பிரித்தது.

ஆகவே தேர்ந்த வாணிகர் ஒருவருக்குமே தனியுரிமையில்லாத பொதுச் சொற்களை நாடினர். வாணிகம் எனப் பொருள்தரும் 'பிசினஸ் டொட் கொம்' என்னும் பெயர் 1997 இல் 1,50,000 டொலருக்கும், 1999 இல் 75 இலட்சம் டொலருக்கும் கைமாறியது. பொதுச்சொல்லுக்குக் கொள்வோர் ஒருவரல்லர், பலர். அதனால் அச்சுறுத்தலுக்கு அங்கு இடமில்லை. விற்போர் செய்யவேண்டியது, அச்சொல்லால் எவருடைய தொழில் சிறக்கும் என ஆராய்ந்து அவரிடஞ் செல்லுதலே.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்தியம் இன்ஃபோவே கொம்பனி, ராஜேஷ் ஜெயின் என்பவர் 1995 இற் தொடங்கிய இந்தியாவேர்ல்ட் நிறுவனத்தை 499 கோடி ரூபாவுக்கு வாங்க 1999 நவம்பரில் உடன்பட்டது. சமாசார், கோஜ், கேல், பவார்ச்சி என்னும் தளங்கள் அந்நிறுவனத்திற்கு உரியனவாயிருந்தன. செய்தி, தேடல், விளையாட்டு, சமையற்காரர் எனப் பொருள்படும் எளிய இந்திச் சொற்கள் அவை. அவ்விலை பெயர்களுக்கு மட்டுங் கொடுத்த விலையன்று. வாசகர் கூட்டமும் விளம்பர வருவாயும் உடன்சென்றன. எனினும் வீட்டிற் புழங்குஞ் சொல்லைப் பெயராகக் கொண்டிருந்தமை அக்கூட்டத்தைச் சேர்த்ததில் பங்கு கொண்டது என்பதில் ஐயமில்லை. அதே கொம்பனி 'சிஃபி' என்னுந் தன் பெயரைக் காக்க வழக்காடியபோது, ஆள்களப் பெயர் வெறும் முகவரியன்று, வாணிகக் குறியின் இயல்புகள் யாவும் அதற்குண்டு என இந்திய உச்ச நீதிமன்றம் 2004 மே மாதத்தில் தீர்ப்புக் கூறிற்று. இந்தியச் சட்டத்தில் இத்துறைக்கு அடிப்படையாய் நிற்பது அத்தீர்ப்பே.

தனிமனிதரும் கொம்பனிகளும் மட்டுமன்றித் தீவுகளும் பெயர் விற்றன. ஒவ்வொரு நாட்டிற்கும் ஈரெழுத்துக் குறியொன்று உண்டு. இலங்கைக்கு எல்கே என்பது போலப் பசிபிக் கடலிலுள்ள துவாலுவுக்கு டிவி என்னுங் குறி வாய்த்தது. 26 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட அந்நாட்டை நாடித் தொலைக்காட்சி வாணிகத்தை எண்ணிய அந்நியர் பலர் வந்தனர். முதலில் ஐந்து கோடி டொலர் தருவதாக 1998 இல் வந்தவர் சொன்னபடி கொடுத்திலர். பின்னர் 2000 இல் அமெரிக்க நிறுவனமொன்றோடு உடன்படிக்கை நிறைவேறியது. கிடைத்த பணத்தைக்கொண்டு துவாலு அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் 189 ஆவது உறுப்பு நாடாயிற்று. மேற்கிந்தியாவிலுள்ள அங்குவிலாவின் ஏஐ என்னுங் குறியோ, செயற்கை நுண்ணறிவு பரவிய பின் 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் அமெரிக்க டொலரை ஈட்டி, அவ்வரசின் வருவாயில் ஐந்திலொன்றிற்கு மேற்பட்ட பங்கை நிரப்பியது.

இவ்விரு தீவுகளும் தம் குறியைத் தாமே விற்றன. மூன்றாவதொன்றின் கதை அத்தகையதன்று. அது திருகோணமலையோடு தொடர்புடையதுமாகும். 1957 ஒக்டோபரிற் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடங் கையளித்தது. கட்டுநாயக்காவும் அவ்வாண்டே கைமாறியது. இந்து சமுத்திரத்தில் வேறு தளம் வேண்டிய பிரித்தானியர் முதலில் மாலைதீவிலுள்ள கன் தீவையும், பின்னர் அமெரிக்கரோடு சேர்ந்து தியாகோ கார்சியாவையும் நாடினர். அதன்பொருட்டு 1965 இல் 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆட்சிப்புலம்' என ஒன்றை உண்டாக்கி, சாகோஸ் தீவு மக்களை 1968 முதல் 1973 வரை தம் ஊரைவிட்டு அகற்றினர். மக்களற்ற அந்த ஆட்சிப்புலத்திற்கும் ஐஓ என்னும் ஈரெழுத்துக் குறி அளிக்கப்பட்டது. 1997 இல் இங்கிலாந்திலிருந்த தனியார் கொம்பனியொன்று அதன் பதிவுப் பொறுப்பைப் பெற்றது. கணினித் தொழிலார் இவ்வீரெழுத்தை உள்ளீடு வெளியீடு என்பதன் சுருக்கமாகக் கருதி விரும்பி வாங்கினர். 2017 இல் அக்கொம்பனி 7 கோடி டொலருக்குக் கைமாறியது. நாட்டுக் குறிகளைப் பொறுத்தவரையில் உடைமை பற்றிய பேச்சே பொருந்தாது, சமுதாயத்திற்குச் செய்யும் தொண்டே கருதற்பாலது என்னுங் கருத்துடன் யோன் போஸ்டல் 1994 மார்ச்சில் நெறி வகுத்திருந்தார். எந்தச் சமுதாயத்திற்குத் தொண்டு என்பதைச் சாகோஸ் மக்களிடம் ஒருவருங் கேட்டிலர். 2025 மே மாதத்தில் அத்தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு அளிக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று.

இலங்கையின் எல்கே குறி 1990 முதல் வழங்கிவருகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிகான் டயஸ் அதனை நிறுவி வளர்த்தவர். பெயரைத் தமிழெழுத்திலேயே எழுதலாகாதா என்னும் வினாவுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் 1998 இல் நிகழ்ந்த ஆராய்ச்சி வழிகாட்டிற்று. 2003 இல் அதற்கான பொதுவிதிகள் வெளிவந்தன. 2010 இல் 'இலங்கை' என்னுந் தமிழ்ச்சொல்லே பெயரின் ஈற்றில் நிற்குங் குறியாயிற்று.

இவ்வாணிகத்திற்குப் பெருநகரம் வேண்டுவதில்லை. அன்புவழிபுரத்து இளைஞர் ஒருவர் திருகோணமலையின் பேரோடு தங்குமிடம் என்றோ, திமிங்கிலங் காணல் என்றோ இணைத்துப் பெயரொன்று பதிந்து வைத்திருப்பாராயின், அதற்குரிய கொள்வோர் தொலைவில் இல்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துவோர், புறாத்தீவுக்குப் படகு விடுவோர், கடலடி மூழ்குதல் கற்பிப்போர் ஆகியோரே அவர்கள். அவருள்ளும் நீண்ட, நினைவில் நில்லாத முகவரியைப் பலகையில் எழுதிவைத்திருப்பவரே முதலில் அணுகத்தக்கவர். முன்னர்ப் பெயருடையாரைப் பொதுப் பதிவேட்டிலே தேடிக் காணுதல் எளிதாயிருந்தது. 2018 மே மாதத்தில் ஐரோப்பியத் தரவுக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அவ்வேட்டின் பெரும்பகுதி மறைக்கப்பட்டமையால், பலகையையும் விளம்பரத்தையும் பார்த்து நேரிற் சென்று கேட்கும் பழைய வழியே மீண்டும் பயன்படுவதாயிற்று. ஊரிலுள்ளவருக்கு அதனால் நட்டமில்லை. கீழ்க்கரையிற் கடல் அமைதியுறும் சித்திரை, வைகாசிக்கு முன்னரே கடிதம் போய்ச் சேர்தல் வேண்டும்; விருந்தினர் நிறைந்த ஆடி மாதத்தில் விடுதிக்காரர் எவருங் கடிதம் படியார்.

கடிதம் நாலைந்து வரிக்குமேற் போதல் ஆகாது. பெயர் இன்னது, அது உங்கள் தொழிலுக்கு உதவும் வகை இன்னது, விலை இவ்வளவு என்பன போதும். விலையை மறைத்து, நீங்களே சொல்லுங்கள் என்பது இரு திறத்தார்க்கும் காலக்கழிவு. பிறருடைய விடுதிப் பெயரையே பதிந்துகொண்டு அவரிடமே விற்கச் செல்வது போஸ்மன் சென்ற வழி. பணம் நடுநிலையாளர் ஒருவரிடந் தங்கி, பெயர் கைமாறிய பின் விற்றவருக்குச் சேரும் ஏற்பாடு இவ்வாணிகத்தில் நிலைபெற்றுள்ளது. முன்பின் அறியாதவரிடையே அதனைத் தவிர்த்தல் தகாது.

எழுத்துப் பற்றிய இடர் ஒன்றுண்டு. திருகோணமலை எனவும் திருக்கோணமலை எனவும் ஊர்ப்பெயர் இருவகையாக எழுதப்படுகின்றது. உரோம எழுத்திலோ ட்ரிங்கோமலி என்பதற்கு வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டு ஒன்றாயிருக்க, தமிழுச்சரிப்பை எழுதுவோர் ஐந்தாறு வகையாக எழுதுகின்றனர். தமிழ்ப்பெயர் கணினிக்குட் செல்லும்போது எக்ஸ், என் என்னும் ஈரெழுத்தோடும் இரு கோட்டோடும் தொடங்கும் உரோம எழுத்துத் தொடராக மாறுகின்றது. ஒரு ககர மெய் மிகுந்தாலும் தொடர் வேறாகிவிடும். மனிதர் ஒன்றெனக் கொள்ளும் இரண்டையும் கணினி இரண்டு பெயர்களாகவே பதிகின்றது. அவ்விரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வாங்குதலுங் கூடும்.