தூரத்துப் பொட்டியும் அதுக்குப் போட்ட பூட்டும்

இண்டர்நெட்டை எதுக்குக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. மெயில் அனுப்பன்னு ஒருத்தர் சொல்வார். அணுகுண்டு விழுந்தாலும் அறுந்து போகாத நெட்வொர்க் வேணும்னுதான்னு இன்னொருத்தர் அடிச்சுச் சொல்வார். அதை ஆரம்பிச்ச ஆள் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது மக்களே. ஓர் ஊர்ல உக்காந்துகிட்டு இன்னோர் ஊர்ல இருக்குற கம்ப்யூட்டரைப் பயன்படுத்தணும், அவ்வளவுதான். பொட்டி தட்டிப் பொழைக்கிற என்னை மாதிரி ஆளுங்க தினமும் காலையில செய்யுற முதல் வேலை, ரிமோட் லாகின்.

தூரத்து மெஷினைத் தொடுறது எப்பவோ முடிஞ்சு போன வேலை. உள்ள வர்றது யாரு, அந்தப் பக்கம் இருக்குறது யாரு, நடுவுல ஒட்டுக் கேக்குறது யாருங்கற கேள்விகள்தான் இன்னி வரைக்கும் இழுத்துகிட்டு இருக்கு. அந்தக் கதையைத்தான் இங்க சொல்லப் போறேன்.

எப்பவோன்னா, 1940-லயே! நியூயார்க் பெல் லேப்ஸ்ல ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ்னு ஒரு கணித ஆள், டெலிபோன் ரிலேக்களை வச்சே கலப்பெண் கணக்குப் போடுற ஒரு மெஷின் செஞ்சிருந்தார். அந்த வருஷம் செப்டம்பர் 11 அன்னிக்கு டார்ட்மவுத் கல்லூரியில அமெரிக்கக் கணிதச் சங்கத்தோட கூட்டம். அவ்வளவு பெரிய சாமானைத் தூக்கிட்டுப் போக முடியுமா? ஒரு டெலிடைப்பை மட்டும் கொண்டுபோய், கம்பி வழியா நியூயார்க்கோட இணைச்சுட்டார். வந்திருந்தவங்க இங்க கணக்கைத் தட்ட, அங்க மெஷின் போட்டு விடையை அனுப்ப, கூட்டமே அசந்து போச்சு. தட்டிப் பார்த்தவங்கள்ல நார்பர்ட் வீனரும், பின்னாடி எனியாக்கை உருவாக்கின ஜான் மாக்லியும் உண்டு.

அடுத்து 1960-கள். எம்.ஐ.டி.யில சி.டி.எஸ்.எஸ்.னு ஒரு சிஸ்டம். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்துல பங்கு போட்டுக்கலாம். பல பேர் வந்தா யார் யாருன்னு தெரியணுமே, அதனால பாஸ்வேர்டும் வந்துச்சு. 1962-ல ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், தனக்குக் குடுத்த நேரம் பத்தலைன்னு, பாஸ்வேர்ட் ஃபைலை அப்படியே பிரிண்ட் போட்டு எடுத்துகிட்டார். பூட்டு வந்த சூட்டோட கள்ளச்சாவியும் வந்தாச்சு :)

1966-ல பெண்டகன்ல, ஆர்ப்பாவோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்தவர் பாப் டெய்லர். அவர் அறைக்குப் பக்கத்துல மூணு டெர்மினல். ஒண்ணு எம்.ஐ.டி.க்கு, ஒண்ணு பெர்க்லிக்கு, ஒண்ணு சாண்டா மோனிக்காவுக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா எழுந்து போய் அடுத்த நாற்காலியில உக்காரணும், லாகின் பண்ற முறையும் வேற வேற. எல்லா இடத்துக்கும் போற மாதிரி ஒரே டெர்மினல் இருந்தா என்னன்னு யோசிச்சார். அதுலேர்ந்து பொறந்ததுதான் ஆர்ப்பாநெட்.

அதோட முதல் செய்தி 1969 அக்டோபர் 29 ராத்திரி பத்தரைக்குப் போச்சு. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துல சார்லி க்ளைன்ங்கற மாணவர் தட்டுறார், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துல பில் டுவால் பாக்குறார். ஒவ்வோர் எழுத்தும் வந்துச்சான்னு போன்ல கேட்டுக்குறாங்க. 'எல்' வந்துச்சு. 'ஓ' வந்துச்சு. 'ஜி' தட்டினதும் அந்தப் பக்கத்து சிஸ்டம் படுத்துடுச்சு. சுமார் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் முழுசா உள்ள போக முடிஞ்சுது. இந்தக் கதையைச் சொல்ற பலரும் 'எல்ஓ'வோட நிறுத்திடறாங்க. அவர் அடிக்க வந்த வார்த்தை 'லாகின்'. இண்டர்நெட்டோட முதல் வார்த்தையே கதவைத் திறங்கறதுதான்!

அந்தக் கதவுக்கு டெல்நெட்னு பேர் வச்சாங்க. 1983 மே மாசம் வந்த அதோட முறையான தரத்துல ஒட்டுக் கேட்பவனைப் பத்திக் கவலையே கிடையாது. பாஸ்வேர்ட் அப்படியே பச்சையா கம்பியில போகும். அந்த ஆளுங்களை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. நெட்வொர்க்ல இருந்தவங்க பெரும்பாலும் ஆராய்ச்சி ஆளுங்க, தெருவுல எல்லாரும் சொந்தக்காரங்களா இருந்தா யார் வாசக்கதவைப் பூட்டுறா? அதே வருஷம் பெர்க்லி யூனிக்ஸ்ல வந்த ஆர்லாகின் இன்னும் ஒருபடி மேல. இந்த மெஷின்லேர்ந்து இந்த ஆள் வந்தா பாஸ்வேர்டே கேக்காதன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுடலாம்.

1988 நவம்பர் 2 அன்னிக்கு அந்தத் தெருவுக்குத் திருடன் வந்தான். கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதி விட்ட புழு, வேற சில ஓட்டைகளோட இந்தச் சொந்தக்கார நம்பிக்கையையும் பிடிச்சுகிட்டு மெஷின் மெஷினாத் தாவிச்சு. சுமார் 6,000 மெஷின்கள் மாட்டுச்சுன்னு அப்ப ஒரு கணக்கு சொன்னாங்க.

அப்பவும் டெல்நெட்டை யாரும் தூக்கிப் போடலை. 1995-ல ஃபின்லாந்துல, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ ஒட்டுக் கேக்குற புரோகிராமைப் போட்டு ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க. அங்க இருந்த டாட்டு யுலோனென் உக்காந்து எழுதினதுதான் எஸ்.எஸ்.ஹெச். ஜூலையில இலவசமா வெளியிட்டார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவுல 22 காலியா இருக்கேன்னு கேட்டு ஒரு மெயில் போட்டார், அடுத்த நாளே குடுத்துட்டாங்க. நாம இன்னிக்கும் தட்டுற போர்ட் 22-வோட கதை இவ்வளவுதான்.

அப்புறம் அதோட லைசன்ஸ் இறுகிப் போச்சு. ஓபன்பிஎஸ்டி ஆளுங்க பழைய இலவச வெர்ஷனை எடுத்து, 1999 டிசம்பர்ல ஓபன்எஸ்எஸ்ஹெச்சா வெளியிட்டாங்க. (திரையையே தூக்கிட்டு வர்ற வி.என்.சி., ரிமோட் டெஸ்க்டாப் கதையெல்லாம் தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.)

சரி, பூட்டு கெட்டியாயிடுச்சு. திருடன் சும்மா இருப்பானா? பூட்டுக்குக் கொல்லன் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். எக்ஸ்இசட்னு ஒரு சின்ன சுருக்குற மென்பொருள். 'ஜியா டான்'ங்கற பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல அதுல நல்ல பிள்ளையா ஆணி புடுங்கி, நம்பிக்கை சம்பாதிச்சு, 2024-ல வந்த வெர்ஷன்கள்ல ஒரு கொல்லைப்புறக் கதவை வச்சுட்டார். சில லினக்ஸ்கள்ல எஸ்.எஸ்.ஹெச். அந்த மென்பொருளையும் சேர்த்து இழுத்துகிட்டு ஓடும், அதான் குறி. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு எஞ்சினியர், லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போய் மார்ச் 29 அன்னிக்கு வெளிய சொன்னார். பரவலாப் போய்ச் சேர்றதுக்குள்ள பிடிச்சாச்சு. அரை செகண்டுக்கெல்லாம் சந்தேகப்படுற ஆள் ஒருத்தர் இருந்ததால தப்பிச்சோம்.

இவ்வளவு பெரிய பூட்டுலயும் ஒரு இடத்துல கேள்வி நம்மகிட்டதான் வருது. புது சர்வருக்கு முதல் தடவை போகும்போது, இது யாருன்னு உறுதியாத் தெரியலை, கைரேகை இது, தொடரட்டுமான்னு கேக்கும். படிக்காமலே 'எஸ்' தட்டுறதுதான் ஊர் வழக்கம். அங்க நடுவுல ஒருத்தன் சர்வர் வேஷத்துல நின்னா, நீட்டுற பாஸ்வேர்ட் அவன் கையிலதான் விழும். தப்பிக்கிற வழி ஒண்ணும் கஷ்டம் இல்லை. சர்வரைப் பாத்துக்குறவருக்கு ஒரு போன் போட்டு, கைரேகை எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, திரையில வந்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. 1969-ல அந்த ரெண்டு பேரும் அதைத்தானே செஞ்சாங்க!