வலையமைப்பில் முறை ஒதுக்கல்

கணினி வலையமைப்பில் ஒரே தடத்துக்கு வந்து சேரும் பலவகைப் பொதிகளில் (தரவுத் துண்டுகளில்) எது முந்தும், எது காத்திருக்கும், எது கைவிடப்படும் என்று முடிவு செய்யும் வேலைதான் முறை ஒதுக்கல். ரவுட்டர், சுவிட்ச், செல்பேசிக் கோபுரம், வீட்டு வைஃபை பெட்டி எல்லாமே இதைச் செய்கின்றன. தடத்தின் வேகத்தை இது துளியும் கூட்டாது. இருக்கிற வேகத்தை யாருக்கு எப்போது தருவது என்பது மட்டுமே இதன் பொறுப்பு. நெரிசல் இல்லாத தடத்தில் இதற்கு வேலையே இல்லை.

இதன் தேவையைக் காண ஆந்திர ஃபைபர்நெட் நல்ல எடுத்துக்காட்டு. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்த மாநில அரசுத் திட்டம் இது. மின்கம்பங்களின் மேல் இழுத்த கண்ணாடி இழை வழியே இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் ஒரே இணைப்பில் வீட்டுக்கு வந்தன. தொடக்கக் கட்டணம் மாதம் 149 ரூபாய். வேகம் விநாடிக்கு 15 மெகாபிட் வரை.

மூன்று சேவைக்கும் மூன்று குணம். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு தொலைபேசிப் பேச்சு விநாடிக்கு 50 பொதிகளாகப் போகிறது. தலைப்புகளையும் சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 200 பைட்தான். இடம் கொஞ்சம் போதும், ஆனால் தாமதம் ஆகாது. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தொலைக்காட்சி சற்றுத் தாமதித்து வந்தாலும் குறையில்லை. இடையில் பொதிகள் தொலைந்தால்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். கோப்பு இறக்கத்துக்கு இரண்டுமே பொருட்டல்ல: தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும், கிடைக்கிற வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

வந்த வரிசையிலேயே அனுப்புவது மிக எளிய முறை. அதில் என்ன கெடும் என்பதைக் கணக்கே காட்டும். 15 மெகாபிட் தடத்தில் 1,500 பைட் பொதி ஒன்று வெளியேற 0.8 மில்லி விநாடி ஆகும். அப்படி 250 கோப்புப் பொதிகள் முன்னால் நின்றால், பின்னால் வந்த பேச்சுப் பொதி அந்த வாசலிலேயே 200 மில்லி விநாடி காத்துக் கிடக்கும். வேகமான இணைப்பு இருந்தும் குரல் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பேச்சுக்கு முழு முன்னுரிமை தருவது அடுத்த முறை. இதிலுள்ள ஆபத்தைக் காணத் திருமலைக் கோயிலை நினைத்துப் பாருங்கள்: இலவச சர்வ தரிசனம், 300 ரூபாய் சிறப்பு நுழைவு, முக்கியப் பிரமுகர்களுக்கான பிரேக் தரிசனம் என்று வரிசைகள் பல, சன்னதி ஒன்றே. பிரேக் தரிசனத்துக்கு நேர வரம்பு இல்லாவிட்டால் சர்வ தரிசன வரிசை நகரவே நகராது. வலையமைப்பிலும் அப்படியே: உச்சவரம்பு இல்லாத முன்னுரிமை மற்ற எல்லோரையும் பட்டினி போடும். முன்னுரிமை வகுப்புக்கு இவ்வளவுதான் என்று அளந்து கட்டுவதே நல்ல வடிவமைப்பு.

நியாயமான பங்கீட்டுக்கு வித்திட்டவர் ஜான் நேகிள். ஒவ்வொரு மூலத்துக்கும் தனி வரிசை வைத்துச் சுற்றுமுறையில் ஒவ்வொரு பொதியாக எடுக்கலாம் என்று 1985-இல் அவர் எழுதினார். பெரிய பொதி அனுப்புபவருக்கு அதிக பங்கு போய்விடும் குறை அதில் இருந்தது. ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் 1989-இல் பொதிகளை எண்ணாமல் பிட்களைக் கணக்கிட்டு அதைச் சரிசெய்தனர். அதற்குக் கணக்கு வேலை அதிகம். 1995-இல் எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் தந்த பற்றாக்குறைச் சுற்றுமுறை அந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது: ஒரு சுற்றில் பயன்படாத பங்கு அந்த வரிசையின் பேரில் வரவாக நின்று அடுத்த சுற்றில் சேரும். எளிமைக்காகவே அது பரவியது. இத்துறையின் மிக அழகான தீர்வு அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கண்ணாடி இழையில், வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகும் மேல்நோக்கிய திசைதான் சிக்கலானது. ஃபைபர்நெட் பயன்படுத்தும் ஜிபான் நுட்பத்தில் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகலாம். கீழ்நோக்கி விநாடிக்கு சுமார் 2.5 கிகாபிட், மேல்நோக்கி அதில் பாதி. இரண்டு வீடுகள் ஒரே கணத்தில் அனுப்பினால் ஒளித்துடிப்புகள் மோதிக்கொள்ளும். ஆகவே நிலையத்திலுள்ள கருவி 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு சட்டகமாக நேரத்தைப் பிரித்து, எந்த வீடு எந்தத் துண்டில் பேசலாம் என்று அனுமதி அனுப்புகிறது. வீட்டுப் பெட்டிகள் தம்மிடம் தேங்கியிருப்பதைத் தெரிவிக்கும். தொலைபேசி போன்றவற்றுக்கு நிலையான பங்கு, சிலவற்றுக்கு உறுதிசெய்த குறைந்த அளவு, மீந்தது பொது இணையத்துக்கு என்று வகைகள் தரநிலையிலேயே உண்டு.

பெரிய வலையமைப்புகளில் பொதியின் தலைப்பிலேயே வகுப்பை எழுதிவிடுவார்கள். 1998-இல் வந்த தரநிலை இதற்கு 6 பிட் ஒதுக்குகிறது. பேச்சுக்கு வழக்கமாக 46 என்ற எண்.

யாரை முன்னால் விடுவது என்பது வெறும் பொறியியல் கேள்வி அல்ல. பணம் கொடுத்த இணையதளத்தை வேகமாகவும் போட்டியாளரை மெதுவாகவும் அனுப்ப இதே கருவிகள் போதும். 2017 நவம்பர் 28 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அத்தகைய பாகுபாட்டைத் தடுக்கப் பரிந்துரைத்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. நியாயமான, வெளிப்படையான நெரிசல் மேலாண்மைக்கு அதில் இடமுண்டு. சரியான எல்லை இதுவே.

வீட்டில் யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போதெல்லாம் காணொளி அழைப்பு உடைந்தால், உடனே விலை கூடிய திட்டத்துக்கு மாற வேண்டாம். பல ரவுட்டர்களில் எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை மேலாண்மை வசதி உண்டு. அதை இயக்கி, வேக வரம்பை உண்மையான இணைப்பு வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள்.