வெள்ளைக் கால் நாயும் ஜப்பான் மண்ணும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். அளவு மிஞ்சாமலே நஞ்சாகிப்போன ஒரு மருந்தின் வரலாற்றை இன்று சொல்லப் போகிறேன்.

கதாநாயகன் ஒரு நாய். கோலி இனம். கிரிக்கெட் கோலி அல்ல! ஸ்காட்லாந்து மலைகளில் ஆடு மேய்த்த நாய். நீண்ட மூக்கு, அடர்ந்த முடி, பெரும்பாலும் வெள்ளைக் கால்கள். விக்டோரியா மகாராணி இந்த நாய்களை விரும்பி வளர்த்ததால் சீமான் வீடுகளிலும் இவற்றுக்கு இடம் கிடைத்தது. லாஸி படம் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

இந்த அழகான நாய்க்கு இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை மூக்கில். கறுப்பாக இருக்க வேண்டிய மூக்கு நிறம் வெளுத்து, பொருக்குத் தட்டி, புண்ணாகும். ‘கோலி மூக்கு’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வெயில்தான் காரணம் என்று நம்பி, வெளுத்த மூக்கில் கறுப்பு மையால் பச்சை குத்திய காலமும் உண்டு. 1970-களின் இறுதியில்தான் உண்மை புரிந்தது. இவற்றில் பல, மனிதருக்கும் வரும் லூபஸ் நோயின் ஒரு வகை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் தோலைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. ஆட்டோ இம்யூன் நோய் என்பது இதைத்தான். வெயில் அதைக் கிளறிவிடும். ஆனால் மூல காரணம் உள்ளே இருக்கிறது.

இத்தகைய நோய்களுக்கு முதல் பெரிய ஆயுதம் 1948-ல் கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த ஸ்டீராய்டு குடும்பம்தான் பின்னர் நாய்களுக்கும் வந்தது. ஆனால் வேலியை அடக்கும் மருந்து, காவலையும் சேர்த்துத் தளர்த்திவிடும். தோலில் சும்மா கிடந்த கண்ணுக்குத் தெரியாத சொறிப் பூச்சிகள் அப்போது பெருகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது சோதனை. 1970-களில் ஜப்பானில் சதோஷி ஓமுரா என்ற அறிஞர் ஊர் ஊராக மண் சேகரித்துக்கொண்டிருந்தார். கவானா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து அமெரிக்காவில் வில்லியம் கேம்ப்பெல் குழுவினர் ஐவர்மெக்டின் மருந்தை உருவாக்கினார்கள். 1981-ல் கால்நடைகளுக்காக விற்பனைக்கு வந்தது. புழு, உண்ணி, சொறி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து! ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு நோயிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காத்ததும் இதுதான். 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆனால் மாட்டு மருந்தைச் சிலர் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற நாய்கள் நன்றாக இருக்க, கோலி நாய்கள் மட்டும் தள்ளாடின. எச்சில் ஒழுகியது, கண் தெரியாமல் போனது, சில நினைவிழந்து இறந்தன. காரணம் தெரியாத மருத்துவர்கள், வெள்ளைக் கால் நாய்க்கு இந்த மருந்து வேண்டாம் என்று ஒரு வாய்மொழி விதி செய்துகொண்டார்கள்.

விடை 1994-ல் ஒரு விபத்தில் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரெட் ஷிங்கெல் குழுவினர் ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்துவந்தார்கள். கூண்டுகளில் பூச்சி வந்தது; வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகள் பிழைத்தன. மரபணு நீக்கிய எலிகள் செத்தன. அவை அந்த மருந்துக்கு சுமார் 100 மடங்கு பலவீனமாக இருந்தன. நீக்கிய மரபணு செய்யும் வேலை என்ன தெரியுமா? மூளையின் வாசலில் நின்று, வேண்டாத மருந்தை வெளியே தள்ளுவது. வாயிற்காவலன் இல்லாத வீட்டில் யாரும் நுழையலாம் அல்லவா?

2001-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்ரீனா மீலி, கோலி நாய்களிலும் இதே எம்டிஆர்1 மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. நம் தேர்வுத்தாளில் ஒரு எழுத்து விட்டால் அரை மதிப்பெண் போகும். அங்கே உயிரே போனது. கோலிகளில் 10-ல் சுமார் 7-க்கு இந்தப் பழுது உண்டு. 2004-ல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. பல இன நாய்களில் காணப்படும் இந்தப் பழுது, 1873-க்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த ஒரே ஒரு மூதாதை நாயிடமிருந்து வந்தது என்றது அது.

இப்போது இரண்டு சோதனைகளும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். லூபஸ் புண் பார்வைக்குச் சொறி போலவே இருக்கும். சொறி என்றால் ஐவர்மெக்டின். இதயப்புழு வராமல் தடுக்க கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். அது கோலிக்கும் ஆபத்தில்லை. சொறிக்கோ 200 முதல் 600 வரை தேவை. பழுதான மரபணு உள்ள நாய் 100-லேயே விழுந்துவிடலாம்.

பெங்களூரில் என் தங்கை மகள் ஒரு கோலி வளர்க்கிறாள். போன வருடம் அதன் மூக்கு வெளுத்துப் பொருக்குத் தட்டியது. “சொறிதான், ஒரே ஊசியில் சரியாகும்” என்றார்கள் அக்கம்பக்கத்தினர். அவள் அவசரப்படவில்லை. மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், பூச்சி இல்லை. பயாப்சியில் லூபஸ் என்று வந்தது. டிஎன்ஏ பரிசோதனையில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது என்று வந்தது. அந்த ஒரு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இப்போது மென்மையான வைத்தியம் நடக்கிறது. உச்சி வெயிலில் வெளியே விடுவதில்லை. டாக்ஸிசைக்ளினும் நயாசினமைடும் கொடுக்கிறார்கள். மூக்கில் டாக்ரோலிமஸ் களிம்பைக் கொஞ்சமாகப் பூசி, நக்கிவிடாமல் சற்று நேரம் விளையாட்டுக் காட்டுகிறார்கள். அந்த டாக்ரோலிமஸும் 1984-ல் ஜப்பானில் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் கொடைதான். ஜப்பான் மண் தந்த ஒரு மருந்து இந்த நாய்க்கு எமன், இன்னொன்று துணை. நோய் முழுதாகப் போகாது, கட்டுக்குள் இருக்கும். அதுவே பெரிது.

நாய் வளர்க்கும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள். தோலில் புண் என்றால், மருந்துக்கு முன் பரிசோதனை கேளுங்கள். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெல்டி அல்லது அவற்றின் கலப்பு என்றால் எம்டிஆர்1 பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். நமக்கு வயிற்றுப்போக்குக்கு வாங்கி வைத்த லோப்பரமைடு மாத்திரையையும் அவற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

ஒரே வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே பாடம்தான் நடத்துவோம். ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு விதமாகப் போய்ச் சேரும். மருந்தும் அப்படித்தான். எந்த உடம்புக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுப்பவரே நல்ல வைத்தியர்.

கால்நடை மருத்துவம் படித்த என் மாணவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் மேலும் சொல்லுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.