மலையகத் தோட்டப் பாடசாலைகள்: ஆசிரியர் பயிற்சியில் தொழில்நுட்பம்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பயிற்சிக்கு முதலில் கைகொடுத்தவை அச்சிட்ட பாடத்தொகுதியும் தபாலும். கணினி வந்தது பிற்பாடு.

தோட்ட நிர்வாகங்கள் நடத்திவந்த இப்பாடசாலைகள் 1960, 1961ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது விடுபட்டுப் போயின. 1970களில் தொடங்கி, கட்டங்கட்டமாகவே அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. பல இடங்களில் ஒரே மண்டபத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஓரிரு ஆசிரியர்களே கற்பித்தனர். பின்னர் மலையக இளைஞர்கள் பலர் பயிற்சி ஏதுமின்றி நியமனம் பெற்றனர். அவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பினால் பாடசாலையில் ஆளிருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க உதவியதுதான் தொலைக்கல்வி.

1980களில் சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு வளர்ந்த இம்முறையைப் பின்னர் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் (1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது) நடத்தியது. ஆசிரியர் வேலையில் இருந்தபடியே தொகுதியைப் படித்து ஒப்படைகளை எழுதுவார். விடுமுறை நாட்களில் நிலையத்துக்குப் போய் வளவாளரைச் சந்திப்பார். தாளில் படித்ததை மறுநாளே வகுப்பில் செய்துபார்க்க முடிந்தது இதன் பெரும் பலம். முழுநேரப் பயிற்சிக்கும் இடங்கள் உருவாயின. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும், பத்தனையில் ஜெர்மன் உதவியுடன் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்தன. கல்வியியற் கல்லூரிப் பாடநெறியில் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி.

கணினிப் பயிற்சி பெரும்பாலும் கணினி வள நிலையங்கள் வழியாகவும் ஆசிரிய மத்திய நிலையங்கள் வழியாகவும் வந்தது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்களும் உள்ளன. ஆயினும் நிலையத்தில் கற்றதை வகுப்பில் பயன்படுத்த, மின்சாரமும் இணையமும் ஒருபுறமிருக்க, கூடவே நின்று திருத்த ஓர் ஆசிரிய ஆலோசகரும் வேண்டும். மலைப்பாதையில் சிதறிக் கிடக்கும் பாடசாலைகளுக்கு அவர் அடிக்கடி வந்துபோவது எளிதல்ல. கருவி வாங்கும் திட்டங்கள் கணக்கில் எடுக்காத செலவு இதுவே.

கொவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை வெட்டவெளிச்சமானது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் அறைகளில் கணினி அரிது. பல குடும்பங்களில் இருந்த ஒரே ஸ்மார்ட் கைப்பேசியும் வேலைக்குப் போகும் பெற்றோரிடம் இருந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடேற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் வந்த பாடம் எட்டாத வீடுகளுக்கு ஆசிரியர்கள் செயலட்டைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். தரவுச் செலவும் அவர்கள் கைக்காசுதான். 2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டை எதிர்த்து நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். அந்தப் போராட்டம் அக்டோபர்வரை நீடித்தது.

கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் பற்றாக்குறை இங்கு நெடுங்காலச் சிக்கல். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற சில பாடசாலைகளே உயர்தர விஞ்ஞானப் பிரிவில் பெயர் பெற்றவை. ஒளிப்பதிவுப் பாடத்தால் இந்த இடைவெளியை நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் அவ்வப்போது எழுகிறது. பாடம் திரையில் ஓடலாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வகுப்பில் ஒருவர் நிற்க வேண்டும். அப்படி வகுப்பில் நிற்க 2010களின் நடுப்பகுதியில் பெருந்தொகையாக நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் தொடக்கத்தில் பெற்ற மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அது பின்னரே 10,000 ஆனது.